வளர்ந்த நாய்க்கும் ஒரு வீடு: யாழ்ப்பாணத்தில் நாய்க் காப்பகம் நடத்துவதற்கான முழுமையான வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் நாய் கேட்டு வருபவர்களில் பெரும்பாலானோர் கேட்பது ஒன்றைத்தான்: "கடுவன் குட்டி இருக்கோ?" பெட்டைக் குட்டிகளைப் பெட்டியில் போட்டுச் சந்தையடியிலும் கோயில் வீதியிலும் விட்டுவிட்டுப் போகிறார்கள். வீட்டுக்காரர் பிள்ளைகளிடம் வெளிநாடு போனாலோ வாடகை வீடு மாறினாலோ, ஐந்தாறு வருடம் முற்றத்தில் காவல் கிடந்த நாய் ஒழுங்கைக்கு வந்துவிடுகிறது. குட்டிக்காவது யாரேனும் இரங்குவார்கள். வளர்ந்த நாயைக் கேட்டு வருபவர் அரிது. இந்த வழிகாட்டி அந்த வளர்ந்த நாய்களுக்காக எழுதப்பட்டது: அவற்றை எடுத்து, தேற்றி, பொருத்தமான வீட்டில் சேர்க்கும் காப்பகத்தை எப்படிக் கட்டுவது, எப்படி நடத்துவது, எங்கே பிழை வரும் என்பதுதான் இதில் உள்ளது.

வளர்ந்த நாய் புது வீட்டில் ஒட்டாது என்பது நம் ஊரில் ஊறிப்போன எண்ணம். அதற்கு மறுப்பு, ஓட்டப் பந்தயங்களில் இருந்து ஓய்வுபெறும் கிறேஹவுண்ட் நாய்கள். இங்கிலாந்துக்கு 1926இல் மான்செஸ்ரர் வழியாக வந்த நவீன பந்தயத் தடங்களில் ஓடும் நாய்கள் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து வயதுக்குள் ஓய்வுபெறுகின்றன. அதுவரை பல நாய்கள் வீட்டுக்குள் கால் வைத்ததே இல்லை. படிக்கட்டும் கண்ணாடிக் கதவும் தெரியாது. பிரித்தானியாவில் அவற்றுக்கு வீடு தேடும் வேலை 1970களில் இருந்து அமைப்பாக நடக்கிறது. சீனாவின் மக்காவ் நகரத்துப் பந்தயத் தடம் 2018இல் மூடப்பட்டபோது ஐநூறுக்கும் மேற்பட்ட நாய்களுக்குப் பல நாடுகளில் வீடு தேட வேண்டி வந்தது. அந்த வேலை செய்பவர்கள் கையாளும் முறைகளில் நான்கு நமக்கு அப்படியே பொருந்தும்: கொடுக்கும் முன் நாயின் குணத்தைச் சோதித்து எழுதுவது, முதலில் தற்காலிக வீட்டில் விட்டுப் பார்ப்பது, எடுப்பவரின் வீட்டை நேரில் பார்ப்பது, எந்த வயதிலும் திருப்பி எடுக்கும் உறுதி கொடுப்பது. இவை ஒவ்வொன்றும் கீழே வரும்.

எத்தனை நாய்: முதலில் போட வேண்டிய கணக்கு

இடம் பார்க்கும் முன் இந்தக் கணக்கைப் போடுங்கள். உங்களிடம் 12 கூடு இருக்கிறது, ஒரு நாய் சராசரியாக 60 நாள் தங்குகிறது என்றால், வருடத்துக்கு 73 நாய்களுக்கு, அதாவது மாதத்துக்கு ஆறு நாய்களுக்கு உதவலாம். அதே நாய் 120 நாள் தங்கினால் மாதத்துக்கு மூன்றுதான். கூட்டின் எண்ணிக்கையைக் கூட்டாமல், தங்கும் நாளைக் குறைத்தே இருமடங்கு நாய்களைக் காப்பாற்றலாம். மாதம் இரண்டு நாய் வெளியே போகும் இடத்தில் மாதம் ஐந்து நாய் எடுத்தால், ஒரு வருடத்தில் 36 நாய் மிஞ்சும். அதற்குப் பிறகு நடப்பது எல்லா இடத்திலும் ஒன்றுதான்: சண்டை, சொறி, டிஸ்டெம்பர் என்ற கொடிய வைரசு நோய், பராமரிப்பவர் நோயில் விழுதல்.

வேலையாளையும் இப்படியே கணக்கிடுங்கள். கூடு கழுவவும் உணவு வைக்கவும் மட்டும் ஒரு நாய்க்கு நாளுக்கு 15 நிமிடம் பிடிக்கும். 20 நாய் என்றால் 5 மணி நேரம். மருந்து, நடை, சமையல், வீடு பார்க்கப் போவது எல்லாம் இதற்கு வெளியே. ஆகவே 20 நாய்க்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மட்டுமே எல்லாம் தெரிந்து நடத்தும் காப்பகம் அவருக்கு டெங்கு வந்த வாரத்திலேயே நின்றுவிடும். நாயின் மருந்து, உணவு, குணம் ஆகியவற்றை இரண்டாவது ஆளும் வாசித்துச் செய்யக்கூடிய மாதிரி எழுதி வையுங்கள்.

முதல் வருடம் 12 கூடு, 20 நாய்க்கு மேல் போக வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

வளவும் தண்ணீரும்

20 நாய்க்கு 6 முதல் 8 பரப்பு (நம் ஊர்க் காணி அளவை) வளவு போதும். வலிகாமத்தின் நெருக்கமான தோட்டக் கிராமங்களைவிட, தென்மராட்சிப் பக்கம் பனங்காணிகளை ஒட்டிய வளவுகள் வசதி. குரைப்பு அயலுக்குப் போகாது, நிழலும் இருக்கும். ஆட்டுப் பட்டியும் கோழிக்கூடும் பக்கத்தில் உள்ள காணியைத் தவிருங்கள். ஒரு நாய் வேலி தாண்டி ஒரு ஆட்டைக் கடித்தால், அயலோடு வருடக்கணக்கில் சேர்த்த நல்லெண்ணம் ஒரே நாளில் போய்விடும்.

குடாநாட்டில் மிகக் கவனமாகப் பார்க்க வேண்டியது நிலத்தடி நீர். சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளுக்குள்ளால் கழிவுநீர் வடிகட்டப்படாமலே கிணற்றுக்குப் போகும். ஆகவே நாய் மலத்தைச் சும்மா கிடங்கு வெட்டிப் புதைக்க வேண்டாம். கிணற்றில் இருந்து, உங்களுடையதும் அயலவருடையதும், குறைந்தது 30 மீற்றர் தள்ளி, அடியும் பக்கமும் சீமெந்து பூசிய மூடிய தொட்டி கட்டுங்கள். இரண்டு தொட்டி இருந்தால் ஒன்று நிரம்பி மக்கும்போது மற்றதைப் பாவிக்கலாம். மக்கிய எருவை மரங்களுக்குப் போடலாம். கீரைக்கும் மரக்கறிக்கும் ஒருபோதும் போடக்கூடாது, கொக்கிப்புழுவும் வட்டப்புழுவும் மனிதருக்குத் தொற்றும். கூடு கழுவும் தண்ணீரையும் வாய்க்காலாகக் கட்டி, பொசிய விடாமல், மூடிய தொட்டிக்கே அனுப்புங்கள்.

15 கிலோ நாய் நாளுக்கு ஒரு லீற்றர் குடிக்கும். சித்திரை வெயிலில் அது இருமடங்காகும். தீவகத்திலும் கரையோரத்திலும் கிணற்று நீர் உவர் என்றால் குடிநீரை வெளியில் இருந்து எடுக்க வேண்டும். பாத்திரத்தைத் தினமும் கவிழ்த்துத் தும்பால் உரஞ்சுங்கள். தண்ணீரை மாற்றினால் மட்டும் போதாது, டெங்கு நுளம்பின் முட்டை பாத்திரத்தின் சுவரில் ஒட்டியிருக்கும். பொது சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்க்கும் முதல் பொருள் அதுதான். நாயின் இதயப்புழுவைப் பரப்புவதும் நுளம்பே.

கூடு கட்டுதல்

ஒரு கூட்டுக்கு 6 அடி அகலம், 10 அடி நீளம் வையுங்கள். பின் 4 அடி கூரைக்குக் கீழ், முன் 6 அடி திறந்த ஓடுதளம். ஒத்துப்போகும் இரண்டு நாய், கடுவனும் பெட்டையுமாக, அதில் இருக்கலாம்.

திசைதான் பாதி வேலை. மாரியில் மழை வடகிழக்கில் இருந்து அடிக்கும், சோளகம் தென்மேற்கில் இருந்து வீசும். பின்சுவரை வடகிழக்குக்கு வைத்து, முன்பக்கத்தைத் தென்மேற்குக்குத் திறந்தால் மழை உள்ளே வராது, கோடையில் காற்று வரும். பின்னேர வெயிலுக்காக முன் தாவாரத்தை மூன்று அடி நீட்டுங்கள், முன்னால் வேம்போ பூவரசோ நடுங்கள். வெறும் தகரக் கூரையின் கீழ் வைகாசி மதியம் நாய் மூச்சிரைத்துச் சாகலாம். தகரம்தான் கையிலிருக்கிறது என்றால், அதன்மேல் கிடுகை இரண்டு அடுக்காகக் கட்டி, கூரைக்கும் சுவருக்கும் இடையில் ஓர் அடி காற்றோட்டம் விடுங்கள். கிடுகை வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மாரி முடிந்ததும் பார்ப்பது நல்லது.

தரை வழவழப்பில்லாத சீமெந்தாக, 10 அடிக்கு இரண்டரை அங்குலம் சரிவாக இருக்கட்டும். சரிவு குறைந்தால் மூத்திரம் தேங்கும், நாயின் பாதத்தோல் வெந்துபோகும். படுக்கைக்கு ஆறு அங்குல உயரப் பலகைக் கட்டிலும் சாக்கும் போதும். வலைக்கம்பி ஆறடி உயரம் வேண்டும். அடியில் ஓர் அடி ஆழத்துக்குச் சீமெந்து வரம்பு இல்லாவிட்டால் கிண்டிக்கொண்டு வெளியே போகும்.

சுவரை வெடிப்பில்லாமல் பூசுங்கள். இதை அழகு வேலை என்று தள்ளிப்போட வேண்டாம். உண்ணிக்கு எதிரான முதல் மருந்து இதுதான். நாயில் இரத்தம் குடித்துக் கொழுத்த பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் வெடிப்பில் ஏறி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாய்க்கு மட்டும் மருந்து போட்டு, சுவரை விட்டுவிட்டால் ஒவ்வொரு மாதமும் அதே கதைதான். வெடிப்புகளை அடைத்து, வருடம் இரண்டு தடவை சுண்ணாம்பு அடியுங்கள்.

வளவின் வாசலுக்கு இரட்டைக் கேற் வையுங்கள். ஒன்று பூட்டிய பிறகே மற்றது திறக்க வேண்டும். தப்பி ஓடும் நாய்களில் பெரும்பாலானவை வேலி தாண்டுவதில்லை, சாமான் கொண்டுவந்த ஓட்டோக்காரர் திறந்த கேற்றால்தான் போகின்றன.

தனிமைக் கூடு நான்கு, மற்றவற்றில் இருந்து 15 மீற்றர் தள்ளி, காற்றுக்குக் கீழ்ப்பக்கத்தில் கட்டுங்கள். அதற்கென்று தனி வாளி, தனித் தும்புத்தடி, தனிச் செருப்பு. வேலை வரிசையும் மாறக்கூடாது: முதலில் ஆரோக்கியமான நாய்கள், பிறகு குட்டி உள்ள இடம், கடைசியில் தனிமைக் கூடு.

பதிவும் அயலும்

கிராம சேவகரிடமும் பிரதேச சபையிடமும் முதலிலேயே கதையுங்கள். நாய்களைப் பதிவு செய்யும் கடமை 1901ஆம் ஆண்டின் நாய்ப் பதிவுச் சட்டத்தில் இருந்து வருவது. கொடுமை செய்பவர்மீது முறையிட 1907ஆம் ஆண்டின் மிருகவதைச் சட்டம் உண்டு. 2006இல் இருந்து தெருநாய்களைக் கொல்வதை அரசு கைவிட்டு, தடுப்பூசியையும் கருத்தடையையும் கொள்கையாக வைத்திருக்கிறது. ஆகவே பொது சுகாதாரப் பரிசோதகரும் அரச மிருக வைத்தியரும் உங்கள் வேலைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டியவர்கள். தடுப்பூசி முகாம் நடக்கும் திகதியை அவர்களிடம் கேட்டு வைத்தால் செலவு குறையும். பிரதேச செயலகத்தில் சமூக அமைப்பாகப் பதிந்து, இரண்டு கையெழுத்து வேண்டிய வங்கிக் கணக்குத் திறவுங்கள்.

கணக்கைச் சொல்லும்போது இதையும் சொல்ல வேண்டும். லண்டனில் இருந்தும் ரொறன்ரோவில் இருந்தும் ஒரே தடவையில் வரும் பெரிய தொகையை நம்பிக் கூடு கட்டாதீர்கள். மாதாமாதம் வரும் சிறு தொகையை வைத்துத்தான் எத்தனை நாய் என்று முடிவெடுக்க வேண்டும். ஆறு மாத உணவுக்கும் மருந்துக்குமான பணம் ஒதுக்கில் இருந்த பிறகே பதின்மூன்றாவது கூடு.

பராமரிப்பவரின் பாதுகாப்பு

நாயைத் தொடும் எல்லோரும் விசர்நோய்த் தடுப்பூசி முன்கூட்டியே போட வேண்டும். முதல் நாளும் ஏழாம் நாளும், வைத்தியர் சொன்னால் மூன்றாவதும். கடித்தாலோ கீறினாலோ சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, உடனே அரச வைத்தியசாலைக்குப் போங்கள். முன்பே ஊசி போட்டவருக்கும் மேலதிக ஊசி தேவைப்படும். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, கோப்பித்தூள் எதையும் காயத்தில் வைக்கக் கூடாது. கடித்த நாயைக் கொல்லாமல், தனியே அடைத்து 14 நாள் பார்க்க வேண்டும். அதற்குள் இறந்தால் பொது சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள். தலையைப் பனிக்கட்டியில் வைத்துக் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் பரிசோதனைக்கு அனுப்ப அவர் வழி செய்வார். உடலை அவசரப்பட்டுப் புதைத்தால் கடிபட்டவருக்குத் தெரிய வேண்டிய பதில் மண்ணோடு போய்விடும்.

மாரியில் வெள்ளம் நின்றால் கால்மறைப்புச் சப்பாத்து இல்லாமல் கூடு கழுவ வேண்டாம். எலிக்காய்ச்சல் எலியின் மூத்திரம் கலந்த தண்ணீரால் வரும். உணவுச் சாமானைத் தகரப் பரலில் மூடி வைத்தால் எலி குறையும். எலி குறைந்தால் அதைத் தேடி வரும் பாம்பும் குறையும். சுருட்டை விரியன் குடாநாட்டில் சாதாரணம், சாக்கைத் தூக்கும் முன் தடியால் தட்டுங்கள்.

நாய் வந்த முதல் நாள்

1. கேற்றுக்கு வெளியிலேயே படம் எடுங்கள்: முகம், இரண்டு பக்கம். எங்கே, எப்போது, யார் கொண்டுவந்தது என்று எழுதுங்கள். தேடும் சொந்தக்காரர் இருக்கலாம், படத்தை ஊருக்குள் பரப்பி ஒரு வாரம் பொறுங்கள்.
2. நிறையைப் பாருங்கள். வீட்டுத் தராசில் நீங்கள் நாயைத் தூக்கிக்கொண்டு ஏறி, பிறகு தனியே ஏறி, கழித்தால் சரி. நிறை தெரியாமல் எந்த மருந்தும் கொடுக்க முடியாது.
3. ஐந்து நோய்த் தடுப்பூசியையும் விசர்நோய் ஊசியையும் அன்றே போடச் செய்யுங்கள். முந்தியதை இரண்டு முதல் நான்கு வாரத்தில் திரும்பப் போட வேண்டும். "முதலில் தேறட்டும்" என்று ஒரு வாரம் தள்ளினால், அந்த வாரத்திலேயே டிஸ்டெம்பர் தொற்றிவிடலாம். காய்ச்சலும் கடும் நோயும் இருந்தால் மட்டும் மிருக வைத்தியர் சொல்லும் நாள்.
4. பூச்சி மருந்தும் உண்ணி மருந்தும் நிறைக்கேற்ப. வலிப்பு வந்த நாய் என்றால் வைத்தியரிடம் அதைச் சொல்லுங்கள், சில உண்ணி மாத்திரைகள் அதற்கு ஆகாது.
5. முரசின் (பல் ஈறின்) நிறம் பாருங்கள். வெளிறியிருந்தால் உண்ணிக் காய்ச்சலோ கொக்கிப்புழுவோ இருக்கலாம். இரத்தம் சோதிக்க வேண்டும்.
6. தனிமைக் கூட்டில் 14 நாள். இருமல், கண்ணில் பூளை, வயிற்றோட்டம் எது வந்தாலும் நாட்களை மறுபடி ஒன்றில் இருந்து எண்ணுங்கள்.

எலும்பும் தோலுமாக வந்த நாய்க்கு வயிறு நிறையச் சோறு போட வேண்டும் என்றுதான் மனம் சொல்லும். அது நாயைக் கொல்லலாம். பல நாள் பட்டினி கிடந்த உடலுக்குள் திடீரென்று மாப்பொருள் போனால் இரத்தத்தின் பொசுபரசும் பொற்றாசியமும் சரிந்து, இதயம் நிற்கக்கூடும். முதல் நாள் தேவையின் கால் பங்கை நாலைந்து தடவையாகப் பிரித்துக் கொடுத்து, ஐந்தாறு நாளில் முழு அளவுக்கு வாருங்கள்.

பார்வோ என்ற வைரசு வயிற்றோட்ட நோய் வந்த கூட்டை டெற்றோலால் கழுவிப் பயனில்லை, அந்த வைரசு அதற்குச் சாகாது. குளோரின்தான் வேண்டும். 30 வீத வெளுக்கும் தூள் 60 கிராம், தண்ணீர் 10 லீற்றர். முதலில் மலத்தையும் மூத்திரத்தையும் சவர்க்காரத்தால் முழுதும் கழுவி எடுத்து, பிறகு இதை ஊற்றிப் பத்து நிமிடம் விட்டு அலசுங்கள். அழுக்கின்மேல் ஊற்றினால் குளோரின் அழுக்கோடு செலவாகிவிடும். மூத்திரத்தின்மேல் ஊற்றினால் நெஞ்சை எரிக்கும் புகை வரும். கரைசலை அன்றன்றே கரைக்க வேண்டும். நிழலான மண்ணில் பார்வோ ஒரு வருடம்கூடக் கிடக்கும் என்பதால், குட்டிகளை மண் தரையில் விட வேண்டாம். முடிந்தால் குட்டிகளைக் காப்பகத்துக்கே கொண்டுவராமல் தற்காலிக வீடுகளில் வளர்ப்பதுதான் நல்லது.

உணவு

15 கிலோ நாய்க்கு நாளுக்கு ஏறத்தாழ 850 கலோரி வேண்டும். அரிசி 120 கிராம், மீனோ கோழியோ 200 கிராம், பூசணி 50 கிராம், தேங்காயெண்ணெய் ஒரு தேக்கரண்டி, இதுவே ஒரு நாள் கணக்கு. 20 நாய்க்கு ஒரு கிடாரத்தில் 2.4 கிலோ குறுணல் அரிசியும் 4 கிலோ மீனும் வேகும். பாசையூரிலும் குருநகரிலும் காலையில் போனால் சூடை, கீரி போன்ற சிறுமீன் மலிவாகக் கிடைக்கும். அவற்றை முள் கரையும்வரை அவித்தால் கல்சியமும் சேர்ந்துவிடும். எலும்பில்லாத கோழி போடும் நாளில், கழுவிக் காய்ச்சிக் காயவைத்து இடித்த முட்டைக்கோது நாய்க்கு அரைத் தேக்கரண்டி சேருங்கள். வெறும் சோறும் ஈரலும் மாதக்கணக்கில் கொடுத்தால் எலும்பு வலுவிழக்கும்.

அயலில் இருந்து அன்பாகக் கொண்டுவரும் மிச்சக் கறியை மறுக்கப் பழக வேண்டும். நம் சமையலில் சின்ன வெங்காயம் இல்லாத கறி இல்லை. வெங்காயமும் உள்ளியும் நாயின் செங்குருதிக் கலங்களை உடைக்கும், அவித்தாலும் அந்த நஞ்சு போகாது. முந்திரிகைத் (திராட்சை) தோட்டத்தில் கழித்த பழமும் வேண்டாம், சிறுநீரகம் பழுதாகும். அவித்த கோழியெலும்பு கூராக உடையும். கருவாட்டில் உப்பு மிகுதி. கொண்டுவருபவரிடம் "வெறும் சோறும் அவிச்ச மீனும் தாங்கோ, அக்கா" என்று சொன்னால் சந்தோசமாகவே தருவார்கள்.

உணவைத் தனித்தனிக் கூட்டில் வையுங்கள். சண்டைகளில் பெரும்பாலானவை சட்டியடியில்தான் தொடங்குகின்றன. சண்டை பிடித்தால் கழுத்தைப் பிடித்து இழுக்கக் கூடாது, கையைக் கடித்துவிடும். ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள், அல்லது இரண்டுக்கும் நடுவே பலகையை இறக்குங்கள்.

கருத்தடை

கருத்தடை செய்யாத நாயை வீட்டுக்குக் கொடுக்கக் கூடாது. இதற்கு விலக்கே வேண்டாம். பெட்டை 63 நாளில் குட்டி போடும், பெரும்பாலும் வருடம் இரண்டு தடவை வேட்கைக்கு வரும். "நாங்கள் பிறகு செய்விக்கிறம்" என்ற சொல்லில் இருந்துதான் சந்தையடிப் பெட்டிகள் வருகின்றன. தனிமை நாட்கள் முடிந்து, நிறை கூடி, முரசு சிவந்த பிறகு செய்யுங்கள். கொழுப்பே இல்லாத மெலிந்த உடலில் சில மயக்க மருந்துகள் நெடுநேரம் நிற்கும். கிறேஹவுண்டுகள் தயோபென்ரல் போன்ற மருந்தில் இருந்து எழ மிகவும் தாமதிப்பதற்கு அவற்றின் கொழுப்புக் குறைவும் ஒரு காரணம். இராசபாளையம் போன்ற ஒட்டிய வயிற்று நாய்கள் வந்தால் இதை மிருக வைத்தியருக்கு நினைவூட்டுங்கள். சத்திரசிகிச்சைக்குப் பின் 10 முதல் 14 நாள் ஓட்டமும் குளிப்பும் இல்லை, கழுத்தில் கூம்பு கட்டாயம்.

குணம் பார்த்தல்

வந்த மூன்று நாளில் நாயின் குணம் தெரியாது. பயத்தில் சுருண்டு கிடப்பதைச் சாது என்று எழுதிவிட்டு, மூன்றாம் வாரம் கடித்த பிறகு திருத்துவது வழக்கமாக நடக்கும் பிழை. பத்தாம் நாளும் இருபதாம் நாளும் பாருங்கள், இரண்டையும் எழுதுங்கள்.

பார்க்க வேண்டியவை நம் ஊர் வீட்டுக்கு ஏற்றவையாக இருக்க வேண்டும். சட்டியில் உணவு இருக்கும்போது நீண்ட தடியால் சட்டியைத் தொட்டால் உறுமுகிறதா? தலைக்கவசம் போட்டவரைக் கண்டால் என்ன செய்கிறது? சைக்கிளைத் துரத்துகிறதா? தடி ஊன்றி நடக்கும் ஐயாவைக் கண்டு பயப்படுகிறதா? இதைத் தடியால் அடிபட்ட நாய்களிடம் அடிக்கடி காணலாம். கோழி, பூனை, ஆடு ஆகியவற்றுக்கு நாய்க்கு வாய்க்கூடு போட்டு, கயிற்றில் பிடித்து, 5 மீற்றர் தூரத்தில் நின்று பாருங்கள். பார்த்துவிட்டுத் திரும்பினால் நல்லது. உடல் விறைத்து, காது முன்னால் போய், கூப்பிட்டும் கண் எடுக்காவிட்டால் கோழி உள்ள வீட்டுக்கு அந்த நாய் வேண்டாம். கிறேஹவுண்டுகளைப் பூனையுள்ள வீட்டுக்குக் கொடுக்கும் முன் இதே முறையில்தான் சோதிக்கிறார்கள்.

வீடு பார்த்தல்

எடுக்க விரும்புபவர் காப்பகத்துக்கு ஒருமுறை வர வேண்டும், நீங்கள் அவர் வீட்டுக்கு ஒருமுறை போக வேண்டும். வீட்டில் முதலில் வேலியைச் சுற்றி நடவுங்கள். கிடுகு வேலியில் அயலுக்குப் போய்வரும் பொட்டு (இடைவெளி) இருக்கும், வீட்டுக்காரருக்கு அது கண்ணில்படாது. புது நாய்க்கு முதல் நாளே படும். கதியால் வேலி என்றால் அடியில் இரண்டு அடிக்கு வலைக்கம்பி கட்டச் சொல்லுங்கள். மதில் இல்லை என்பதற்காக ஒரு வீட்டை மறுக்காதீர்கள். நாள் முழுதும் சங்கிலியில் கட்டப் போகிறார்கள் என்றால் எவ்வளவு உயர்ந்த மதில் இருந்தாலும் மறுத்துவிடுங்கள்.

கேட்க வேண்டிய கேள்விகளில் முக்கியமானது: "அடுத்த மூன்று வருடத்துக்குள் வெளிநாடு போற எண்ணம் இருக்கோ?" பதில் ஓம் என்றால், போகும்போது நாய் யாரிடம் போகும் என்பதையும், அவரின் சம்மதத்தையும் நேரில் கேளுங்கள். பகலில் வீட்டில் யார் இருப்பார், கடித்தால் என்ன செய்வீர்கள், முந்தி வளர்த்த நாய்க்கு என்ன நடந்தது என்றும் கேட்க வேண்டும். கடைசிக் கேள்விக்கான பதிலில் நிறையத் தெரிந்துவிடும்.

பிள்ளைகள் எல்லாம் வெளியே இருக்க, தனியே இருக்கும் அம்மா ஐயாக்களுக்கு ஏழெட்டு வயது அமைதியான பெட்டை நாய் மிகப் பொருத்தம். அவர்களே குட்டிதான் வேண்டும் என்று கேட்டாலும், குட்டி செருப்பைக் கடித்துக் காலுக்குள் ஓடி விழுத்தும் என்பதைச் சொல்லி, வளர்ந்த நாயோடு அரை மணி நேரம் இருக்க விடுங்கள். மருந்துச் செலவை வெளிநாட்டுப் பிள்ளை ஏற்றால் அதையும் எழுத்தில் வாங்குங்கள்.

கொடுக்கும் நாளும் அதன் பிறகும்

முதல் 14 நாள் தற்காலிகம் என்று இரு தரப்பும் ஒப்பமிட வேண்டும். நாயோடு கொடுக்க வேண்டியவை: தடுப்பூசி அட்டை, கருத்தடைச் சான்று, ஒரு வார உணவு முறை, அது படுத்த சாக்கு. அந்த மணம் புது இடத்தில் நாய்க்கு ஆறுதல். கழுத்துப்பட்டி, இழுத்தால் ஓரளவு இறுகும் வகையாக இருக்கட்டும். கழுத்தைவிடத் தலை ஒடுங்கிய கிறேஹவுண்டுகளுக்கு உருவானது அது. பயந்து பின்னுக்கு இழுக்கும் எந்த நாயும் சாதாரணப் பட்டியில் இருந்து தலையை உருவிவிடும். பட்டியில் தொலைபேசி எண் எழுதியிருக்க வேண்டும்.

தீபாவளிக்கு முந்திய வாரத்திலும், பக்கத்துக் கோயில் திருவிழா நடக்கும் நாட்களிலும் நாய் கொடுக்க வேண்டாம். நல்லூர்த் திருவிழா 25 நாள், கோயிலைச் சுற்றியுள்ள வீடுகளுக்கு அது முடியட்டும். புது இடத்தில் வெடிச்சத்தம் கேட்ட நாய் எங்கே ஓடுவது என்று தெரியாமல் பெருவீதிக்கு ஓடும்.

முதல் வாரம் வளவுக்குள்ளும் கயிற்றிலேயே நடத்தச் சொல்லுங்கள். பொதுவாக மூன்று நாள் பயம், மூன்று வாரம் பழக்கம், மூன்று மாதம் ஒட்டு. இந்தக் கணக்கை முன்பே சொல்லி வைத்தால் "சாப்பிடுதில்லை, வந்து எடுங்கோ" என்ற இரண்டாம் நாள் அழைப்பு பாதியாகும். நீங்களே 1, 3, 7, 14, 30ஆம் நாட்களில் அழைத்துக் கேளுங்கள். மூன்றாம் மாதமும் ஒரு வருடத்திலும் நேரில் போங்கள். அடுத்த வருட விசர்நோய் ஊசியின் திகதியை அன்றே நினைவூட்டலாம்.

திரும்பி வரும் நாய்க்கு எப்போதும் ஒரு கூடு காலியாக இருக்க வேண்டும். திருப்பித் தருபவரைத் திட்டாதீர்கள். திட்டு விழும் என்று தெரிந்தால் அடுத்தவர் நாயைக் கொண்டுவராமல் ஒழுங்கையில் விட்டுவிடுவார். ஏன் வந்தது என்று எழுதி, குணக் குறிப்பைத் திருத்துங்கள். கோழியைப் பிடித்ததால் திரும்பி வந்த நாய், கோழியில்லாத நகர வீட்டில் பத்து வருடம் இருக்கும்.

வீட்டுக்குப் போன நாயின் கூட்டைச் சவர்க்காரத்தாலும் குளோரினாலும் கழுவி, சாக்கை மாற்றி, ஒரு முழு நாள் வெயிலில் காய விடுங்கள். காத்திருப்போர் பட்டியலில் அடுத்த பெயருக்கு அழைப்பது அதற்குப் பிறகுதான்.